அம்மாவின் பிரஷர் மாத்திரையும் பாம்பு விஷமும்: தெரிந்தவர்கள் விளக்குங்கள்

தேயிலைப்பூ (கினிகத்தேனை)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 61 வயது. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். 2009இல் மலையில் நிற்கும்போது வலது காலில் கோப்பி விரியன் கடித்தது. முழங்கால் வரை வீங்கிக் கொப்புளம் போட்டது. மூன்றாம் நாள் சிறுநீர் குறைந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நான்கு தடவை இரத்தம் சுத்திகரித்தார்கள். பிழைத்து வந்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு சிறுநீரகம் பழைய மாதிரி இல்லை. பிரஷரும் ஒட்டிக்கொண்டது.

இப்போது கிளினிக்கில் எனலாப்ரில் கொடுக்கிறார்கள். மூன்று மாதம் ஒழுங்காகக் குடித்தார். போன ஞாயிறு பக்கத்து லயத்துப் பையன் போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறான். இந்த வகை மாத்திரை பாம்பு விஷத்தில் இருந்து வந்தது என்று அதில் சொல்கிறார்களாம். அன்று இரவே மாத்திரைக் கவரைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். "ஒரு தடவை ஏறின விஷம் போதாதா, இனி நானே தினமும் எடுத்து முழுங்கணுமா?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. மாத்திரை தொடங்கிய நாளில் இருந்து வறட்டு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, தொண்டையில் ஏதோ கூசுகிற மாதிரி இருக்கிறதாம். அதுவும் விஷத்தின் வேலைதான் என்று நம்பிவிட்டார். உண்மை என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதுளை மருந்தாளர்

தங்கச்சி, முதலில் அவசரமான விஷயம். அம்மாவைத் தானாக மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். அவருடைய சிறுநீரகத்தைக் காப்பாற்றவும் சேர்த்துத்தான் அதைக் கொடுத்திருப்பார்கள். பிரஷரைக் குறைப்பதோடு சிறுநீரில் புரதம் கசிவதையும் அது குறைக்கும். கிளினிக் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே கூட்டிக்கொண்டு போய் இருமலைப் பற்றிச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. மாத்திரையில் விஷம் ஒரு துளியும் இல்லை. ஆனால் வீடியோவில் வந்தது முழுப் பொய்யும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், அம்மாவுக்கு அப்படியே சொல்லிக் காட்டுங்கள்.

பிரேசிலில் ஜராராகா என்று ஒரு குழிவிரியன் இருக்கிறது. நம் கோப்பி விரியனுக்கு அது தூரத்துச் சொந்தம், அங்கே தோட்டம் துரவில் வேலை செய்கிறவர்களைக் கடிப்பதும் அதுதான். கடிபட்ட பிராணிக்கு இரத்த அழுத்தம் சடாரென்று விழுந்துவிடும். ஏன் என்று தேடியபோது 1949இல் மூன்று பிரேசில் விஞ்ஞானிகள் பிராடிகைனின் என்ற பொருளைக் கண்டார்கள். அது பாம்புடைய பொருள் இல்லை. நம் உடம்பே சுரக்கிறது, இரத்தக் குழாயைத் தளர்த்துகிறது. 1965இல் செர்ஜியோ ஃபெரைரா இன்னொன்றைக் கண்டுபிடித்தார். அந்த பிராடிகைனின் சீக்கிரம் அழிந்துபோகாமல் பிடித்து வைக்கிற சிறு புரதத் துண்டுகள் அந்த விஷத்தில் இருந்தன.

நம் உடம்பில் ஒரு நொதி உண்டு. அது ஒரு பக்கம் பிராடிகைனினை அழிக்கும், மறுபக்கம் குழாயை இறுக்குகிற பொருளை உண்டாக்கும். விஷத்தில் உள்ள துண்டு அந்த நொதியின் வாயை அடைத்துவிடுகிறது. சரி, பிரஷர்காரருக்கு வேண்டியதும் அதுதானே? ஆனால் விஷத்தில் இருந்து எடுத்த துண்டை வாயால் குடித்தால் வயிறு அதைச் சோற்றுப் புரதம் மாதிரி செரித்துவிடும். அதனால் அமெரிக்காவில் ஸ்குவிப் கம்பனியின் டேவிட் குஷ்மனும் மிகேல் ஒன்டெட்டியும் அந்தத் துண்டு நொதியில் எப்படிப் பொருந்துகிறது என்று கணக்குப் போட்டு, அதே வேலையைச் செய்கிற மிகச் சிறிய பொருளை ஆய்வகத்தில் புதிதாகச் செய்தார்கள். அதுதான் கப்டோப்ரில், 1981இல் மருந்தாக வந்தது. எனலாப்ரில் அதற்குத் தம்பி.

பூட்டு எப்படிப்பட்டது என்று பாம்பின் சாவியைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். சாவியைத் தாங்களே வேறு உலோகத்தில் வார்த்தார்கள். அம்மா குடிப்பது அந்த வார்த்த சாவியை.

தேயிலைப்பூ

அண்ணன், மிக்க நன்றி. சாவிக் கதையை இப்போதுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "அப்ப இருமல்?" என்கிறார்.

பதுளை மருந்தாளர்

நல்ல கேள்வி, அம்மாவிடம் சொல்லுங்கள். இருமலும் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. நொதியை அடைத்தால் பிராடிகைனின் அழியாமல் தங்குகிறது. குழாய்க்கு நல்லது, ஆனால் சிலருக்கு அது நெஞ்சிலும் தொண்டையிலும் சேர்ந்து கூச்சத்தையும் வறட்டு இருமலையும் உண்டாக்கும். இந்தக் குடும்பத்து மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் உள்ள பக்க விளைவு இது, விஷம் ஏறியதால் வந்தது இல்லை. நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரத்தில் போய்விடும். பிராடிகைனினைத் தொடாமல் அதே பாதையில் வேறொரு இடத்தை அடைக்கிற லொசார்டன் வகை மாத்திரைகளும் இருக்கின்றன. மாற்றுவதா இல்லையா என்பது டொக்டர் முடிவு. உதடோ நாக்கோ முகமோ வீங்கினால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

போகும்போது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற பழைய கிரியேட்டினின், பொட்டாசியம் ரிப்போர்ட்டுகளைக் கொண்டுபோங்கள். இந்த மாத்திரை குடிக்கிறவர்களுக்கு அந்த இரண்டையும் இடைக்கிடை பார்க்க வேண்டும்.

பழைய டிஸ்பென்சர் (நாவலப்பிட்டி)

மகள், நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு என் டிஸ்பென்சரி நாட்கள் நினைவுக்கு வந்துவிட்டன. இருபத்தாறு வருடம் தோட்டங்களில் வேலை செய்தேன். பாம்புக்கடி வராத மாதம் இல்லை. பெரும்பாலும் இரண்டு பாம்புதான். தேயிலைச் செடிக்குள் கையை விடும்போது வாதில் சுருண்டிருக்கிற பச்சை விரியன் கையைக் கடிக்கும். சருகுக்குள் கிடக்கிற கோப்பி விரியன் காலைக் கடிக்கும். ஒரு முழம்கூட இருக்காது அது. கவ்வாத்து வெட்டின மலையில் காய்ந்த இலையோடு இலையாகக் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது.

ஒரு சம்பவம். பெண்ணொருத்தியைப் படங்கில் வைத்துத் தூக்கி வந்தார்கள். கூடவே அடித்துக் கொன்ற பாம்பை ஒரு ஷொப்பிங் பேக்கில் கொண்டுவந்தார்கள். எனக்குப் பார்த்ததும் தெரிந்தது: மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கியிருந்தது, கோப்பி விரியன். கடிதம் எழுதித்தான் அனுப்பினேன். ஆனால் போன இடத்தில் அதைக் கண்ணாடி விரியன் குட்டி என்று நினைத்து விஷமுறிவு மருந்து ஏற்றிவிட்டார்கள். அவளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது, பிரஷர் இறங்கியது. அட்ரினலின் போட்டுத்தான் மீட்டார்கள். கடித்த பாம்பால் வந்ததைவிட மருந்தால் வந்த ஆபத்து அன்று பெரிதாக இருந்தது.

இங்கே பலருக்குத் தெரியாத விஷயம் இதுதான். நமக்கு வருகிற விஷமுறிவு மருந்து இந்தியாவில் செய்வது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கின் விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, குதிரையின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து எடுப்பார்கள். கோப்பி விரியன் அந்த நான்கில் இல்லை. பச்சை விரியனும் இல்லை. தோட்டத்து ஆளை அதிகம் கடிக்கிற இரண்டுக்கும் அந்த மருந்து கேட்காது.

அப்போது நாங்கள் செய்யக்கூடிய ஒரே பரிசோதனை இது. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லிலீற்றர் இரத்தம். மேசையில் ஆடாமல் அசையாமல் இருபது நிமிடம் வைக்க வேண்டும். அந்த இருபது நிமிடத்தில் வாசலில் நிற்கிற சனம் மூச்சுக் காட்டாது. பிறகு குழாயை ஒரு தடவை மெல்லச் சரிப்பேன். உறைந்து ஜெலி மாதிரி நின்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். தண்ணீர் மாதிரி ஓடினால் அந்த நிமிடமே லொறியை எடுக்கச் சொல்வேன்.

மலைக்காற்று (ஹப்புத்தளை)

ஐயா, கேட்கிறேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம். என் அப்பாயிக்கு 1980களில் விரியன் கடித்தபோது விஷக்கடி வைத்தியர் ஒருவர் பார்வை பார்த்து, பச்சிலை கட்டிச் சுகமாக்கினார். வீட்டில் இன்றும் அதைத்தான் சொல்வார்கள். அது பொய்யா?

இன்னொரு கேள்வியும் உண்டு. விஷம் மருந்துக்கு ஆகும் என்றால் நல்ல விலை போகும் என்று இங்கே இரண்டு மூன்று பேர் பச்சை விரியனைப் பிடித்துப் போத்தலில் வைத்திருக்கிறார்கள்.

பழைய டிஸ்பென்சர்

தம்பி, பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வைத்தியர்கள் பலர் காசு வாங்காமல் நடு இரவில் எழுந்து பார்த்தவர்கள். ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. கோப்பி விரியன் கடித்த ஆட்களில் பெரும்பாலானவர்கள் வீக்கம், வலி, கொப்புளத்தோடு தாங்களே தேறிவிடுவார்கள். பச்சை விரியனிலும் சாவு மிக அரிது. அதனால் பச்சிலை கட்டினாலும் சுகம், கட்டாவிட்டாலும் சுகம், பேர் வைத்தியருக்குப் போகும். சிறுநீரகம் அடிபடப் போகிற அந்த ஒரு சிலர் யார் என்று முதல் நாள் முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் இருந்த இரண்டு நாளில் அவர்களைத்தான் இழக்கிறோம். மகளின் அம்மாவுக்கும் மூன்றாம் நாள்தான் தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

போத்தலில் உள்ள பாம்பைப் பற்றி: உடனே விடச் சொல்லுங்கள். பச்சை விரியன் இலங்கையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். வாங்கவும் ஆள் இல்லை. விஷம் எடுப்பது அனுமதியோடு பயிற்சி பெற்றவர்கள் செய்கிற வேலை. தமிழ்நாட்டில் இருளர்கள் 1978இல் இருந்து கூட்டுறவுச் சங்கமாக அதைச் செய்கிறார்கள். பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள்.

ஆய்வுகூடத்து அக்கா (கண்டி)

நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். எல்லோரும் மாத்திரையைப் பற்றியே பேசுகிறீர்கள், என் மேசையில் அசல் கண்ணாடி விரியன் விஷமே வேலை செய்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா?

திரும்பத் திரும்பக் கரு கலைகிற பெண்களிலும், காரணமில்லாமல் இளவயதில் இரத்தம் கட்டுகிறவர்களிலும் சிலருக்கு ஒரு வகை எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க நாங்கள் செய்கிற பரிசோதனையின் பேரிலேயே ரசல் விரியன் இருக்கிறது, கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பேர் அது. சிறிய கண்ணாடிக் குப்பியில் உலர்த்திய வெள்ளைத் தூள் வரும். அதில் மிக நீர்த்த அளவில் அந்த விஷம் உண்டு. தூளைக் கரைத்து, நோயாளியின் பிளாஸ்மாவோடு (இரத்தத்தின் நீர்ப்பகுதி) 37 பாகையில் கலந்து, உறைவதற்கு எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுவோம். இரத்தம் உறைவது நீண்ட சங்கிலி மாதிரி நடக்கிற வேலை. இந்த விஷம் சங்கிலியின் முன்பாதியைத் தொடாமல், நேரே பத்தாம் காரணி என்ற கண்ணியைத் தட்டிவிடும். நடுவில் இருந்து தொடங்குவதால் பிழை எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க முடிகிறது.

கடிபட்டவருக்கு இரத்தம் உறையாமல் போவதும் இதே வேலையால்தான். உடம்பு முழுவதும் சங்கிலி ஒரே நேரத்தில் தூண்டப்பட்டு, உறைய வைக்கிற பொருட்களெல்லாம் தீர்ந்துவிடுகின்றன. அதன் பிறகுதான் ஐயா சொன்ன குழாயில் இரத்தம் தண்ணீராக ஓடுகிறது.

1934இலேயே இங்கிலாந்தில் மக்ஃபார்லேனும் பார்னெட்டும் இதே விஷத்தை நீர்த்து, இரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோய்க்காரருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் வைத்து இரத்தப்போக்கை நிறுத்திக் காட்டினார்கள். குப்பியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு வயலில் கடிபட்ட யாராவது ஞாபகத்துக்கு வருவார்கள். அதே பொருள், அதே வேலை, அளவும் இடமும்தான் வேறு.

குறிஞ்சி மாணவன் (பேராதனை)

அக்கா சொன்னதற்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு இருக்கின்றன. மாரடைப்பு வந்து வாட்டில் இருக்கிறவர்களுக்கு இரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க ஏற்றுகிற மருந்துகள் அவை. டிரோஃபிபான் சுருட்டை விரியன் விஷத்தில் உள்ள ஒரு புரதத்தைப் பார்த்துச் செய்தது. எப்டிஃபிபடைடு அமெரிக்காவின் குள்ளக் கிலுகிலுப்பைப் பாம்பின் விஷத்தைப் பார்த்துச் செய்தது. இரண்டுக்கும் 1998இல்தான் அங்கே அனுமதி கிடைத்தது. சுருட்டை விரியன் மலையில் இல்லை, வடக்கில் மணல் பக்கத்தில் இருப்பது.

கட்டு விரியனை விட்டுவிடக் கூடாது. அதன் கடி வலிக்காது, தூக்கத்திலேயே கண் இமை தொங்கி மூச்சு நின்றுபோகும். தைவானின் கட்டு விரியன் விஷத்தில் இருந்து 1963இல் ஒரு நச்சைப் பிரித்தார்கள். நரம்பு தசைக்குச் சொல்கிற செய்தியை வாங்குகிற இடத்தில் அது போய் இறுக ஒட்டிக்கொள்ளும், விடவே விடாது. அப்படி ஒட்டுவதை வைத்தே அந்த வாங்கும் இடத்தைத் தனியாகப் பிரித்து எடுத்துப் படிக்க முடிந்தது. இமை தொங்கி, மெல்லவும் விழுங்கவும் முடியாமல் தசை சோர்ந்துபோகிற மையஸ்தீனியா நோய் எப்படி வருகிறது என்று அதனால்தான் விளங்கியது. அது மருந்தாகவில்லை, ஆனால் பல பேருக்கு நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்தது.

கறுப்பு மாம்பா விஷத்தில் வலியைக் குறைக்கிற புரதம் இருப்பதாக 2012இல் எழுதினார்கள். அது எலியில் பார்த்தது மட்டும். வீடியோக்களில் மருந்தே வந்துவிட்ட மாதிரி சொல்வார்கள், நம்ப வேண்டாம்.

கொழுந்துக்கூடை (பொகவந்தலாவை)

எல்லாம் படித்தேன். அறிவான விஷயங்கள்தான், நன்றி. ஆனால் மனதில் உள்ளதைச் சொல்கிறேன்.

பிரேசில் தொழிலாளியைக் கடித்த பாம்பில் இருந்து உலகத்துக்கே பிரஷர் மருந்து கிடைத்தது. நம் அம்மாக்களைக் கடிக்கிற பாம்புக்கு முறிவு மருந்துகூட இல்லை. 2012, 2013இல் நாடு முழுக்க வீடு வீடாக எடுத்த கணக்கின்படி இலங்கையில் ஒரு வருடத்தில் 80,000 பேரளவில் பாம்பு கடிக்கிறது, 30,000 பேரளவில் விஷம் ஏறுகிறது, 464 பேர் சாகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2017இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய் என்று பட்டியலில் போட்டது. பேரே அப்படி. செருப்பு இல்லாமல் மலைக்குப் போகிறவர்களைக் கடிப்பதால்தானே அதற்கு அந்தப் பேர்?

என் அக்கா கடிபட்டுப் பதினோரு நாள் வாட்டில் இருந்தார். அத்தனை நாள் சம்பளம் இல்லை. ஒரு ஆய்வு எங்களைத் தேடி வரவேண்டும் என்றால் நாங்கள் இன்னும் எத்தனை பேர் கடிபடணும்?

குறிஞ்சி மாணவன்

அண்ணன், நீங்கள் கேட்பது சரி. சமாதானம் சொல்ல வரவில்லை, நடப்பதைச் சொல்கிறேன். பேராதனைப் பல்கலைக்கழகமும் கொஸ்டரிகாவின் குளோடொமிரோ பிக்காடோ நிறுவனமும் சேர்ந்து, இலங்கைப் பாம்புகளின் விஷத்தை வைத்தே ஒரு முறிவு மருந்தை உருவாக்கிப் பார்த்தார்கள். அதில் கோப்பி விரியனையும் சேர்த்திருந்தார்கள். இந்திய மருந்து நம் கோப்பி விரியனுக்குக் கேட்காது என்பதே அந்த வேலைக்கு ஒரு காரணம்.

முறிவு மருந்தால் வருகிற ஒவ்வாமைக்கு என்ன செய்யலாம் என்று பார்த்த பெரிய ஆய்வு ஒன்றும் இலங்கையிலேயே நடந்தது. 1,007 நோயாளிகள். மருந்து ஏற்ற முன் சிறிய அளவு அட்ரினலினைத் தோலுக்கடியில் போட்டால் கடுமையான ஒவ்வாமை நன்றாகக் குறைகிறது என்று 2011இல் வெளியிட்டார்கள். ஐயா சொன்ன அந்தப் பெண்ணுக்கு வந்தது மாதிரி இன்னொருவருக்கு வராமல் இருக்கத்தான் அது. அந்த 1,007 பேரும் நம் நாட்டு வாட்டுகளில் படுத்திருந்தவர்கள்.

வரெஸ்ப்ளாடிப் என்று ஒன்றையும் கவனித்துக்கொண்டிருக்கிறேன். இதய நோய்க்கென்று செய்து, அதில் தோற்றுப்போன மருந்து. பல பாம்பு விஷங்களில் தசையையும் நரம்பையும் கெடுக்கிற ஒரு நொதியை அது அடைக்கிறது என்று பிறகு தெரிந்தது. வாயால் குடிக்கலாம். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் கடிபட்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. அப்படி ஒன்று தேறினால் தோட்டத்து டிஸ்பென்சரி அலுமாரியிலேயே வைக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முதல் மருந்து உள்ளே போய்விடும்.

கொழுந்துக்கூடை

அலுமாரியில் வைக்கலாம் என்று சொன்னீர்களே தம்பி, அது வரட்டும். அதுவரைக்கும் ஆளுக்கொரு சோடி பூட்ஸ் கிடைத்தாலே எங்கள் மலையில் பாதிக் கடி குறையும்.

பழைய டிஸ்பென்சர்

உண்மை. பூட்ஸோடு இன்னும் சில. செடிக்குள் கை விடும் முன் கம்பால் ஒரு தட்டு. சருகைக் கிளறக் கம்பு, கை இல்லை. கடித்தால் கட்டு இறுக்க வேண்டாம், கீற வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம். மோதிரம், வளையல், மிஞ்சியைக் கழற்றிவிடுங்கள், வீங்கின பிறகு கழராது. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைத் துரத்த வேண்டாம், தள்ளி நின்று போனில் ஒரு படம் போதும். 1990 என்ற நம்பருக்கு போன் அடியுங்கள், அம்புலன்சுக்குக் காசு இல்லை. லயத்துக்கு ஏற முடியாத பாதை என்றால் எந்தச் சந்திக்கு ஆளைக் கொண்டு வருகிறோம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். கடிபட்டவரை நடக்க விடாமல் தூக்கி வாருங்கள். வீட்டுக்கு அனுப்பின பிறகும் சிறுநீர் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். குறைந்தால் அன்றே திரும்பப் போகவேண்டும்.

தேயிலைப்பூ

எல்லோருக்கும் ஒரு செய்தி. வியாழன் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். பழைய ரிப்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு, இருமல் அந்த மாத்திரையால்தான் என்று டொக்டரும் சொன்னார். லொசார்டனுக்கு மாற்றியிருக்கிறார், இரண்டு வாரத்தில் பொட்டாசியம் திரும்பப் பார்க்க வேண்டும். இருமல் இன்னும் முழுதாகப் போகவில்லை, ஆனால் நேற்று இரவு எழுந்து உட்காராமல் தூங்கினார்.

சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்த கவரை அவரே எடுத்துத் தந்தார். புது மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "பிரேசில்ல அந்தப் பாம்பு யாரைக் கடிக்கும்?" என்று கேட்டார். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களை என்றேன். "அவங்களுக்காவது அங்க ஊசி இருக்கா?" என்றார்.

பதுளை அண்ணன், பேராதனைத் தம்பி, யாருக்காவது தெரியுமா? அம்மா காத்திருக்கிறார்.

குறிஞ்சி மாணவன்

இருக்கிறது அக்கா. சாவோ பாவுலோவில் புட்டான்டன் நிறுவனம் நூறு வருடத்துக்கு மேலாக ஜராராகா விஷத்துக்கு முறிவு மருந்து செய்கிறது. அதைத் தொடங்கியவர் வைட்டல் பிராசில் என்ற டொக்டர். ஒரு ஊர்ப் பாம்புக்குச் செய்த மருந்து இன்னொரு ஊர்ப் பாம்புக்குக் கேட்காது என்று அந்தக் காலத்திலேயே சொன்னவர் அவர். அம்மாவிடம் சொல்லுங்கள்.